சொந்தக் கதை எவ்வளவு சொல்லலாம்?

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் விடுதி மெஸ் மாஸ்டரைப் பற்றி மலருக்கு நீண்ட கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி செயலாளர் பணித்தார். எழுதினேன். 14 பக்கம் ஆயிற்று. முதல் 9 பக்கம் நான், என் ஊர், எங்கள் வீடு, என் கவுன்சிலிங்! பத்தாம் பக்கத்தில்தான் மாஸ்டர் கரண்டியோடு வருகிறார். படித்துப் பார்த்த என் மனைவி, "மாஸ்டர் எங்கேங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உ.வே.சாமிநாதையர் ஞாபகம் வந்தது. அவருடைய 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 122 அத்தியாயம். உத்தமதானபுரம் என்னும் தம் ஊரின் கதையில்தான் தொடங்குகிறார். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் கட்டம், பாதிக்கு மேல் தாண்டித்தான் வருகிறது. ஆனாலும் அலுப்புத் தட்டவில்லையே, ஏன்? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அவர் வறுமையிலும் தேடித்தேடிப் படித்ததை நாம் கூடவே இருந்து பார்த்துவிட்டோம். அந்தப் பட்டியலைக் கேட்டு முதலியார் அசராமல், சிந்தாமணி படித்ததுண்டா என்று விசாரிக்கும்போது நமக்கே முகம் சுண்டிப்போகிறது. சிவில் படித்தவன் பாஷையில் சொன்னால், ஐயரின் பழங்கதை பாரம் தாங்கும் சுவர். என் ஒன்பது பக்கமும் வெறும் பூச்சு.

வெட்டினேன். கவுன்சிலிங் போனது, ஊர்த் திருவிழா போனது. ஒரு பத்தியில் மட்டும் கை நின்றுவிட்டது.

மூன்றாம் ஆண்டில் இரண்டு மாதம் நான் மெஸ் பணம் கட்டவில்லை. பாக்கிதாரர் பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் மாஸ்டர் என் தட்டில் சோறு போட்டார். ஏன் கட்டவில்லை என்று சொல்லாவிட்டால், அவர் செய்தது என்னவென்றே விளங்காது. சொன்னால் எங்கள் வீட்டுக் கடன் சபைக்கு வரும்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கடன் இருந்துச்சுன்னு எழுதிக்கோப்பா. மத்ததெல்லாம் அப்பாவோடது. அவரு இருந்தா சொல்லியிருப்பாரா?" என்றார்.

நான்கு வரியை அடித்தேன். அவை என்னவென்று இங்கேயும் சொல்லப் போவதில்லை. பாக்கி இரண்டு வரி இருக்கிறது, மாஸ்டருக்கு அது போதும்.

இப்போது கட்டுரை ஐந்தே பக்கம். அச்சானதும் முதல் பிரதியை மாஸ்டர் வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.