கையெழுத்துப் போடத் தெரிந்த அக்காவின் கைநாட்டு

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சிஸ்டர், ஆஸ்பத்திரியில் நடக்கும் தவறுகளைப் பற்றி நீங்கள் பேசுங்கள், சட்டத்தை வக்கீல் தோழர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித்தான் என்னை மேடை ஏற்றினார்கள். வக்கீல் தோழர் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் சட்டத்தையும் நானே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. தெரிந்த சட்டமெல்லாம் என் அக்காவுக்காகத் தெரிந்துகொண்டது.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' சின்ன நூல்தான். தனக்கு நடந்தவற்றோடு வேறு சிலருக்கு நடந்தவற்றையும் அதில் அவர் சொல்கிறார். அதில் ஒன்று கத்தியவாரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒரு தீண்டப்படாதவர் எழுதிய கடிதம். காந்தியின் 'யங் இந்தியா'வில் 1929 டிசம்பரில் வந்தது. அந்த ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடம்பு மோசமாகிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, இரண்டு ரூபாய் ஃபீசுக்குப் பொறுப்பும் ஏற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று வருகிறார். பச்சை உடம்புக்காரியைக் குழந்தையோடு வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நிமோனியா என்று சொல்லிப் போய்விடுகிறார். மருந்து வருகிறது. டாக்டர் மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துவிட்டார்.

இந்தப் பக்கத்தை நர்ஸாக நான் படித்தபோது வேறொன்று உறுத்தியது. நிமோனியாவைக் கண்டுபிடிக்க நெஞ்சில் கை வைக்க வேண்டும். முதுகில் தட்டிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். அவர் பாதரசத்தை மட்டும் பார்த்தார். அவர் சொன்ன நோய் சரியாகவே இருந்திருக்கலாம். அன்றைக்குப் பென்சிலின் புழக்கத்தில் இல்லை, தொட்டுப் பார்த்திருந்தாலும் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் செய்ய வேண்டியதை அவர் செய்யவில்லை. இன்றைக்கு நீதிமன்றங்கள் மருத்துவ அலட்சியம் என்று சொல்வதும் இதைத்தான். நோயாளி பிழைத்தாரா இறந்தாரா என்பதை மட்டும் வைத்து அலட்சியத்தை முடிவு செய்வதில்லை. தேர்ந்த ஒரு மருத்துவர் எடுத்துக்கொள்ள வேண்டிய அக்கறையை இவர் எடுத்துக்கொண்டாரா என்பதுதான் கேள்வி.

இனி என் அக்கா கதை.

2016. அக்காவுக்கு 41 வயது. கூலி வேலை. இடுப்பு வலி, வெள்ளைப்படுதல், மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு. பக்கத்து டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். ஸ்கேன் எடுத்துவிட்டு, "கர்ப்பப்பையில் கட்டி, எடுக்காவிட்டால் கேன்சர் ஆகிவிடும்" என்றார்கள். அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் அப்போது வேறு மாவட்டத்தில், நைட் டியூட்டி முடித்து வந்த அசதியில் இருந்தேன். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்றேன். கட்டி என்ன அளவு, மாத்திரையில் பார்க்க முடியாதா, இன்னொரு டாக்டரிடம் காட்டினாயா, ஒன்றுமே கேட்கவில்லை. இந்த வேலையிலேயே இருந்தவள் கேட்கவில்லை.

மகளிர் குழுவில் கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்து 45,000 ரூபாய் கட்டினார்கள். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாளிலிருந்து அக்காவுக்குச் சிறுநீர் தானாகவே கசிய ஆரம்பித்தது. இரவும் பகலும். "தையல் ஆறினால் நின்றுவிடும்" என்று ஒரு மாதம் அலைய விட்டார்கள். நாற்றத்துக்குப் பயந்து அவள் பஸ்ஸில் உட்கார மாட்டாள், நின்றுகொண்டே வருவாள். கடைசியில் நான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். கர்ப்பப்பையை எடுக்கும்போது சிறுநீர்க் குழாயில் காயம் பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, மறுபடி ஆபரேஷன் செய்து சரியாக்கினார்கள். ஒரு பைசா செலவில்லை. இதைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவள்.

அந்த ஆபரேஷனில் சிறுநீர்க் குழாயில் காயம் படுவது நல்ல கைகளிலும் நேரக்கூடியதுதான். அதனால் முதலில் வழக்குப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். "அதெல்லாம் ஆஸ்பத்திரி சொத்து, தர முடியாது" என்றார்கள். பிறகு 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு எழுதினேன். உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவரது பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அந்த விதி. எங்களுக்கு 72 மணி நேரம் ஐந்து வாரமாக நீண்டது. ஆனாலும் வந்தது.

அதில் ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் அச்சடித்தது. என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய இடம் காலி. கீழே, நோயாளி கையொப்பம் என்ற இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

தோழர்களே, என் அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அறிவொளி இயக்கம் எங்கள் தெருவுக்கு வந்தபோது விளக்குக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ரேஷன் கடை, நூறு நாள் வேலை, குழுக் கணக்கு எல்லாவற்றிலும் அவள் பெயரை அவளே எழுதுவாள். கொஞ்சம் பெரிசு பெரிசாக எழுதுவாள், அவ்வளவுதான். படிவத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமான்னு யாருமே கேக்கலையே பாப்பா" என்றாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது யாரோ விரலைப் பிடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

அந்த யாரோ என்னைப் போன்ற ஒரு நர்ஸ்தான். எத்தனை பேர் விரலை நானே மையில் அழுத்தியிருக்கிறேன். முகவரியில் காலனி என்று இருந்தால், கையில் மண்வெட்டிக் காய்ப்பு இருந்தால், பேனாவைத் தேடாமல் மைப் பெட்டியைத் தேடும் என் கை. நானும் காலனிக்காரிதான். இவர்களுக்கு விளக்கிச் சொன்னால் புரியாது, கேட்கவும் மாட்டார்கள் என்ற எண்ணம் வெள்ளைச் சீருடையோடு சேர்ந்து எனக்கும் வந்துவிட்டது. கத்தியவார் டாக்டர் உடம்பைத் தொடவில்லை. நாங்கள் உடம்பைத் தொட்டோம், ஆனால் அதற்குள் இருக்கும் ஆளிடம் பேசவில்லை.

ஒப்புதல் என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது நோயாளி விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அம்மா சொன்னது செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். நம் வீடுகளில் புருஷனோ மகனோ கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். சுயநினைவோடு இருக்கிற பெரியவருக்கு அவர் கையெழுத்துதான் வேண்டும்.

அக்காவுக்காக மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனோம். இப்போது ஆணையம் என்று பெயர். பணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்பது 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள். எங்களிடம் இருந்த ஒரே பண ஆதாரம், 45,000 என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. மாமா அதை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் வழக்கே இல்லை. பில் வாங்குங்கள். "பில் போட்டால் வரி சேரும்" என்று சொன்னாலும் வாங்குங்கள்.

அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை இந்த நுகர்வோர் சட்டத்தில் வராது. அதற்காக அரசைக் கேட்கவே முடியாது என்று எண்ண வேண்டாம். ஹரியானாவில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் அரைகுறையாகச் செய்யப்பட்டு மறுபடி கருவுற்ற ஒரு கூலித் தொழிலாளிப் பெண் சிவில் நீதிமன்றம் போனார். அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் வரை உறுதியானது. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை போனது. 2015இல் ஒன்றரைக் கோடிக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். சாத்தூரில் 2018இல் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றிய கொடுமைக்கு, மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 25 லட்சம் தரச் சொன்னது. அரசு மருத்துவமனையில் கேஸ் ஷீட் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் 2014 நவம்பரில் ஒரே நாள் முகாமில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்களே, 13 பேர் செத்தார்களே, அவர்கள் யார்? தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். வரிசையில் படுக்க வைத்து முடித்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அந்த முகாம் முறையையே கைவிடச் சொன்னது.

சாதியைச் சொல்லி மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் மருத்துவமனையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் யாரும் இப்போது சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. "பெட் இல்லை" என்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கும் 1989, 1996 என இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. 1996 வழக்கில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட வங்காளத்து விவசாயத் தொழிலாளியை ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பியிருந்தன. முடியாது என்றால் அதைச் சீட்டில் எழுதி, நேரம் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல இடங்களில் பெட் கிடைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இளைஞர்களுக்கு ஒரு விஷயம். ஆத்திரத்தில் டாக்டரை அடிப்பது, கண்ணாடியை உடைப்பது வேண்டாம். 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது ஜாமீனில் வர முடியாத குற்றம். உங்கள் மீது வழக்கு வந்த நிமிடத்தில் செத்தவருக்கு நடந்தது மறைந்துபோகும். அடி வாங்குவது பெரும்பாலும் 24 மணி நேரமாகத் தூங்காத பயிற்சி மருத்துவர்தான். அவரும் நம் தெருப் பிள்ளையாக இருப்பார். அரசு மருத்துவமனையில் ஏதாவது நடந்தால் உடனே "கோட்டா டாக்டர்" என்று எழுத ஒரு கூட்டம் காத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் சீட்டில் தகுதி எங்கே இருந்தது என்று அவர்கள் எழுதுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை டாக்டர் ஆவதற்கும், டாக்டரிடம் நாம் கேள்வி கேட்பதற்கும் சேர்த்தேதான் நாம் நிற்க வேண்டும்.

சாவில் சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி, பிரேதப் பரிசோதனை கேளுங்கள். "பாடியை அறுக்க வேண்டாம்" என்று நம் பெரியவர்கள் அழுவார்கள். என்னாலும் அதைப் பார்க்க முடியாது. ஆனால் எரித்த பிறகு எந்த நீதிமன்றத்துக்கும் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், யார் பார்த்தார், என்ன சொன்னார், என்ன ஊசி என்று கூடப் போனவர் எழுதட்டும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், இருக்க வேண்டும் என்பது விதி. அவசரமில்லாத ஆபரேஷனுக்கு இரண்டாவது டாக்டர் கருத்துக் கேளுங்கள். அக்காவிடம் கேன்சர் பயம் காட்டி எடுத்த கர்ப்பப்பையைப் பயாப்சிக்கு அனுப்பியதாக அந்தக் கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை.

2021இல் ஆணையம் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆபரேஷனில் நேர்ந்த காயத்தை அலட்சியம் என்று அவர்கள் ஏற்கவில்லை. ஒப்புதல் வாங்கிய விதத்தையும், கசிவு வந்த பிறகு ஒரு மாதம் கவனிக்காமல் விட்டதையும்தான் குறை என்றார்கள். நாங்கள் கேட்டதில் பாதிக்கும் குறைவுதான் கிடைத்தது. அதையும் தராமல் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னை போய் வருகிறாள், இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இந்தப் படிப்பகத்தில்தான் இருப்பேன். ஸ்கேன், சீட்டு, பில் என்று வீட்டில் கிடப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும் வேண்டாம். நகல் போதும்.