மருத்துவர் எழுதும் நோய்க்கதை



தோட்டப் பள்ளி ஆசிரியைக்குப் பாடம் நடத்துவது மட்டும் வேலையன்று. மனு எழுதுவது, பாரம் நிரப்புவது, மலாய் தெரியாத பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் எங்கள் தலையில்தான் விடியும்.

ஒருமுறை என் மாணவன் ஒருவனின் தந்தைக்குக் கடுங்காய்ச்சல். அவர் மனைவியோடு நானும் போனேன். அந்த அம்மா என்னிடம் கால் மணி நேரம் விவரம் சொன்னார். நானோ அதை, "மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி" என்று மலாயில் சுருக்கிச் சொல்லிவிட்டேன். டிங்கியாக இருக்கலாம் என்று வைத்தியம் தொடங்கியது. மறுநாள் தமிழ் தெரிந்த இளம் மருத்துவர் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, ஆதியிலிருந்து கேட்டார்.

"நேத்தே டீச்சர்கிட்ட சொன்னேனே டாக்டர்! போன வாரம் செம்பனைக் காட்டுல கான் வெட்டுனாரு. கால்ல புண்ணோட நாளெல்லாம் தண்ணியில நின்னாரு" என்றார் அந்த அம்மா.

நோய் பிடிபட்டது. அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், புண் வழியே உடம்பில் ஏறுவதால் வருவது. அதற்கு மருந்து வேறு. மனிதர் பிழைத்தார். ஆனால் ஒரு நாள் வீணானது என்னால்தான். அந்த உறுத்தல்தான் இன்று என்னை இங்கே பேச வைக்கிறது.

நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, முதலில் எதைச் சந்தேகித்தார், எது அதற்குப் பொருந்தவில்லை, முடிவில் என்ன நோய் என்று தெரிந்தது: இவற்றை வரிசையாக எழுதி, மற்ற மருத்துவர்களும் படிக்க வெளியிடுவதை நோயாளி அறிக்கை என்பார்கள். எழுதுவதால் என்ன நன்மை? மனம் தனக்குப் பிடித்த முடிவுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொண்டு, ஒத்துவராததை நழுவவிடும். தாளில் எழுதியது அப்படி நழுவாது. "எனக்கு என்ன பதில்?" என்று கேட்டுக்கொண்டே நிற்கும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலால் விழுந்தார்கள். பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பகுதியிலும் அது பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணி, புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளும் இருமிச் செத்தன. கொசுவென்றால் அண்டை வீட்டாரையும் கடிக்குமே! நோயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே தேடிப் பிடித்தது.

1999 மார்ச்சில், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நீப்பாவின் பெயரால் அது நீப்பா எனப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த கிருமி அது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டார்கள்.

மருத்துவர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்த்த 94 நோயாளிகளின் விவரங்களை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தசைகள் தாமாகத் துடிப்பது, முழங்காலைத் தட்டினால் கால் உதறாதது, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவது என்று அடையாளங்களை எழுதிவைத்தார்கள்.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2018 மே மாதம், கேரளத்தின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். அங்குள்ள மருத்துவர்கள் கண்ட அடையாளங்கள், நம் மருத்துவர்கள் எழுதியவற்றோடு ஒத்திருந்தன. நீப்பாவாக இருக்குமோ என்று சந்தேகித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் உறுதியாயிற்று. உடனே நோயாளிகளைத் தனிமைப்படுத்தி, அவர்களோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணித்தார்கள். உயிர்ச்சேதம் நேர்ந்தாலும், நோய் மேலும் பெருகாமல் தடுக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எழுதிய எழுத்து, கடல் கடந்து உதவியது அல்லவா?

நேயர்களே, இந்த அறிக்கையின் முதல் வரியைச் சொல்பவர் நோயாளிதான். "காய்ச்சல்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். எப்போது தொடங்கியது, என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள், என்ன விலங்கைத் தொட்டீர்கள், வீட்டில் வேறு யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, நாட்டு மருந்து உட்பட என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். புறப்படும் முன் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அற்பம் என்று எதையும் தள்ளவேண்டாம். நான் அப்படித் தள்ளியது, ஓர் உயிரின் விஷயமாக இருந்தது.