வலப்பக்கம் உட்காருங்கள்



எங்கள் அத்தை எங்கள் கடற்கரையில் முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் இருபது வருசத்துக்கு மேல் உப்பு வாரியவர். முதலில் இடது காதில் இரைச்சல். அப்புறம் அந்தக் காது மந்தமானது. பிறகு பாத்தி வரப்பில் நடக்கும்போது ஒரு தள்ளாட்டம். வெயில் கிறக்கம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோதுதான் காது நரம்பில் கட்டி என்று தெரிந்தது. "புற்று இல்லை, சாதாக் கட்டிதான்" என்று டாக்டர் சொன்னதும் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரிதான் கவனித்தோம். அத்தை தூங்குகிறார், இடது கண் மட்டும் திறந்திருக்கிறது. கொடுத்தனுப்பிய சீட்டில் மாத்திரைகளின் பெயர் எல்லாம் இருந்தது. மூடாத கண்ணை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

காது நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் ஒட்டி ஓடுகின்றன. கட்டியை எடுக்கும்போது முக நரம்பு அறுபடாவிட்டாலும் நலிந்துபோகலாம். அப்போது வாய் ஒரு பக்கம் இழுக்கும், இமை மூடாது. இமை மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வரும். எங்கள் ஊர் உப்புக்காற்றையும், உப்பளத்து வெள்ளை வெயிலின் கூச்சத்தையும் நினைத்துப் பாருங்கள். பகலில் டாக்டர் சொன்ன சொட்டு மருந்தை மணி பார்த்து விட வேண்டும், வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி போட வேண்டும். இரவில் களிம்பு தடவி, இமையை விரலால் முழுதாக இறக்கி, அதன் பிறகே டேப் ஒட்ட வேண்டும். பாதி மூடிய இமை மேல் ஒட்டினால் டேப்பே விழியை உரசிவிடும். சிலருக்கு அந்தக் கண்ணில் உணர்ச்சியும் குறைந்திருக்கும், வலி தெரியாது. அதனால் "வலிக்கிறதா" என்று கேட்டால் போதாது, கண் சிவந்திருக்கிறதா என்று தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். நலிந்த நரம்பு தேறி முகம் நேராக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கண்ணைக் காப்பாற்றுவது வீட்டில் இருப்பவர்கள் கையில்.

இனி தள்ளாட்டம். நாம் நேராக நிற்பதற்கு இரண்டு காதுக்குள்ளும் இருக்கும் சமநிலை உறுப்பு, கண், பாதம் எல்லாம் சேர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரு காதின் செய்தி நின்றுபோனால், மீதியை வைத்து நிற்க மூளை புதிதாகப் பழக வேண்டும். படுத்தே கிடந்தால் அது பழகாது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, அதன் மேல் பார்வையை வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பும் பயிற்சி ஒன்று உண்டு. பார்க்க மிகச் சாதாரணம். அத்தைக்கு முதல் நாள் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. "நிறுத்திவிடுவோம்" என்றோம். பிஸியோதெரபிஸ்ட் விடவில்லை. கொஞ்சம் கிறக்கம் வந்தால்தான் மூளை கற்றுக்கொள்ளும், வீட்டார் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றால் போதும் என்றார். இருட்டில் மட்டும் கவனம் தேவை. கண் உதவாத இடத்தில் கால் தடுமாறும், இராத்திரி கழிப்பறை வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

இந்தக் கரையில் சங்கு குளிக்கப் போகிறவர்களிடம் இதையே இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது, சங்கு குளிப்பு இன்னும் இருக்கிறது. கலங்கிய நீருக்குள் காதின் சமநிலை போனவருக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகலாம். மூளை ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு வர வாய்ப்பு இருக்கிறவருக்கு, தரையில் பிழைக்கக்கூடிய ஒரு வலிப்பு தண்ணீருக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். டாக்டர் உத்தரவு இல்லாமல் கடலில் இறங்கவே கூடாது. வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. தலைச்சுமையும் அப்படித்தான், மண்டை ஓட்டைத் திறந்து மூடியவர் எப்போது கூடை தூக்கலாம் என்று கேட்டுத்தான் தூக்க வேண்டும்.

முத்துக்குளித்த காலத்தில், குளியாளியின் கயிற்றை மேலே பிடிப்பவர் அவருடைய மச்சானாக இருப்பார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தங்கை தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது. கீழே இருப்பவர் கயிற்றை அசைத்த நொடியில் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும், வேறு பக்கம் பராக்குப் பார்க்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்த வீட்டிலும் யாராவது ஒருவர் அப்படி இருக்க வேண்டும். ஏனென்றால் மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி (பெண்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் சாதாக் கட்டிதான்) மூளையின் முன்பகுதியை அழுத்தியிருந்தால், எடுத்த பிறகும் சிலர் எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். குழம்பு வைக்கும்போது உப்புப் போட்டோமா என்று மறந்து நிற்பார்கள். கொஞ்ச நேரம் பேசினாலே களைத்துப்போவார்கள். "நல்ல கட்டிதானே, எடுத்தாச்சே, இன்னும் என்ன சோம்பல்?" என்று கேட்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை. புற்று இல்லை என்பதற்காக மூளை பட்ட காயம் சின்னதாகிவிடாது.

ஆபரேஷனுக்குப் பிந்திய கவனிப்பு நம்மிடம் தாமதமாகத்தான் வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல். ஆனால் வேலூரில் மறுவாழ்வு நிலையம் 1966-இல்தான் வந்தது. அதைக் கொண்டுவந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். ஆபரேஷன் மேசையிலிருந்து இறங்கிய பின் என்ன ஆகும் என்று தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டவர். கத்தி வந்து பதினேழு வருசம் கழித்துத்தான் அந்தக் கட்டடம் வந்திருக்கிறது. நம் வீடுகளில் அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது.

அதை அடைக்க வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிஸியோதெரபி வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரிடம் நான்கு விசயம் கேட்காமல் வராதீர்கள். கண்ணுக்கு என்ன, நடைக்கு என்ன பயிற்சி, எந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது, அடுத்த ஸ்கேன் எப்போது? சாதாக் கட்டியும் மிச்சம் இருந்தால் திரும்ப வளரும். பிட்யூட்டரி சுரப்பியில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு வேளைகூட விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டுமா என்று அன்றே கேட்க வேண்டும்.

அத்தை திரும்ப உப்பளத்துக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் இட்லி மாவு விற்கிறார். ஒரு காதுதான் கேட்பதால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. லாரி ஹாரன் கேட்டால் நின்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் ரோட்டைக் கடப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் இடது காது சுவர்ப் பக்கம் வரும்படி மூலையில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் ஓடிவந்து, யாரும் சொல்லாமலே, அவருடைய வலப்பக்கம் உட்காருகிறார்கள்.