எந்தக் காட்டுக்குப் போகலாம்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் வரிக்குதிரையையும் பார்த்த பிள்ளைகள், "அப்பா, நாமும் காட்டு விலங்குகளைப் பார்க்கப் போவோமா?" என்று கேட்பார்கள். ஆப்பிரிக்கா நமக்கு எட்டாது. தாப்பாவில் இருந்து புறப்பட்டால் நாம் எங்கே போகலாம்? அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். தான்சானியா நாட்டின் செரெங்கெட்டி பரந்த புல்வெளி. அங்கே வண்டியில் உட்கார்ந்தபடியே தூரத்தில் மேயும் விலங்குக் கூட்டங்களைக் காணலாம். நம் நாட்டுக் காடு அப்படியன்று. பக்கத்தில் நிற்கும் யானையைக்கூட இலையும் கொடியும் மறைத்துவிடும். புலியோ மிக அரிது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, தீபகற்ப மலேசியக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருந்தன. புலியைக் காட்டுவதாகச் சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப் போனால் ஏமாற்றந்தான் மிஞ்சும்.

ஆகவே, பெயரை மட்டும் கேட்டுப் பூங்காவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எதைக் காண விரும்புகிறோம், எந்த மாதம் போகிறோம், யார் யார் வருகிறார்கள் என்ற மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.

தாத்தா பாட்டியும் சிறு குழந்தைகளும் வருவதானால், பாகாங்கில் லஞ்சாங்குக்கு அருகிலுள்ள கோலா கண்டா யானைகள் பாதுகாப்பு மையம் ஏற்றது. 1989இல் தொடங்கிய இந்த மையம் தேசியப் பூங்கா அன்று; ஆனால் யானையை நிச்சயமாக, அருகிலேயே காணலாம். விடியற்காலையில் கிளம்பினால் ஒரே நாளில் வீடு திரும்பிவிடலாம்.

நடக்கக்கூடிய பிள்ளைகள் இருந்து, இரண்டு மூன்று நாள் ஓய்வும் கிடைத்தால் தாமான் நெகாராவுக்குப் போகலாம். 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காடு பாகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரவியுள்ளது. ஜெராண்டுட் வழியாகக் கோலா தஹான் போய்ச் சேர வேண்டும். விலங்குகள் உப்பு மண்ணைத் தேடி வரும் இடங்களில் 'பும்புன்' எனப்படும் மறைகுடில்கள் உண்டு. இரவில் அங்கே பேசாமல் காத்திருந்தால் மானோ, உடலின் நடுவில் வெள்ளைப் போர்வை போர்த்தியது போன்ற தாப்பீரோ வரலாம், வராமலும் போகலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழைக் காலம். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

நம் பேராக் மாநிலத்திலேயே இருப்பது ரோயல் பெலும். 2007இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு 1,17,500 ஹெக்டர். ஈப்போ, கெரிக் வழியாகப் பூலாவ் பண்டிங் துறைக்குப் போய், தெமெங்கோர் ஏரியில் படகேற வேண்டும். முன்கூட்டியே அனுமதி பெறுவது அவசியம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போனால் படகுச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். மலாய்க்காரர்கள் எங்காங் என்று சொல்லும் இருவாச்சிப் பறவைகளில் இந்நாட்டிலுள்ள பத்து வகைகளும் பெலும், தெமெங்கோர் காடுகளில் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு வகை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகப் பறந்து போகும்.

நேயர்களே, இந்தக் காடுகளுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது அதில் உழைத்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். யானைகளோ தங்கள் பழைய வழியை மறக்கவில்லை. கன்றுகளைத் தின்றன, லயத்துப் பக்கம் வந்து நம்மை நடுங்கவும் வைத்தன. 1974இல் வனவிலங்குத் துறை யானைகளை இடம் மாற்றுவதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. தோட்டங்களில் பிடிபட்ட யானைகளைப் பழகிய யானைகளின் துணையோடு லாரியில் ஏற்றிப் பெருங்காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அப்படி விட்ட இடங்களில் தாமான் நெகாராவும் பெலும் காடும் உண்டு.

எனவே, அங்கே போகும்போது யானையின் சாணத்தையோ காலடித் தடத்தையோ கண்டால் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வோம். நம் தோட்டத்தில் இடமில்லாமல் போன யானைக்கு இதுதான் வீடு என்று காட்டுவோம். மங்கிய நிற உடை உடுத்தி, சத்தம் போடாமல், குப்பை எறியாமல் நடந்து வருவோம். விலங்கு எதுவும் கண்ணில் படாவிட்டாலும், அது அங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டு திரும்புவார்கள்.