துருக்கி ஹமாம்: ஊருக்கே ஒரு குளியலறை

(குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலர் இஸ்தான்புல் சுற்றுலாவுக்குத் திட்டமிட்டிருப்பதால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஹமாமில் முதல் அறையில் உடையைக் களைந்து, பெஷ்டமால் என்ற துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தது மிதமான சூடுள்ள அறை. அதையும் தாண்டினால் வெப்ப அறை. அதன் நடுவே பெரிய பளிங்கு மேடை இருக்கும். தரைக்கடியில் அடுப்பின் சூடு ஓடுவதால் கல் கதகதப்பாக இருக்கும். மேலே கும்மட்டத்தில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் விழும். அந்த மேடையில் படுத்து நன்றாக வியர்க்க வேண்டும். பிறகு பணியாளர் வந்து கேசே என்ற சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பார். திரிதிரியாக உருளும் அழுக்கைப் பார்த்தால், இத்தனை நாள் குளித்ததெல்லாம் கணக்கில் வருமா என்று சந்தேகம் வந்துவிடும்! கடைசியில் சோப்பு நுரை.

இதைக் கவனமாகக் கேளுங்கள். சுவரோரம் குர்னா என்ற பளிங்குத் தொட்டிகள் இருக்கும். அவற்றுக்கு வடிகால் கிடையாது. கிண்ணத்தால் மொண்டுதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். தொட்டிக்குள் கையை விடக் கூடாது, சோப்பு நீரும் தெறிக்கக் கூடாது. அடுத்து வருபவருக்கும் அதே தண்ணீர்தான்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, இல்லையென்றால் தனித்தனி நேரம். அந்தக் காலப் பெண்களுக்கு வீட்டைவிட்டு வெளியே வந்து நாலு பேரோடு பேசக் கிடைத்த இடங்களில் ஹமாம் முக்கியமானது. சாப்பாடு கட்டிக்கொண்டே போவார்கள். மணப்பெண் குளியல், பிள்ளை பிறந்து 40ஆம் நாள் குளியல் எல்லாம் அங்கேதான். மகனுக்குப் பெண் பார்க்கும் தாய்மாரின் கண்களும் அங்கே சும்மா இருக்காது.

நம் பொருளாளருக்கு ஒரு தகவல். 1741இல் கட்டப்பட்ட ஜாலோலு ஹமாமின் வருமானம், சுல்தான் முதலாம் மஹ்மூத் அயா சோபியாவில் அமைத்த நூலகத்துக்காக ஒதுக்கப்பட்டது. குளியல் காசில் புத்தகங்கள்! ஆனால் ஹமாம்கள் தண்ணீரையும் விறகையும் ஏராளமாக விழுங்கின. 1768இல் மூன்றாம் முஸ்தபா, தலைநகரில் புதிய பெரிய ஹமாம்கள் கட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்தார்.

பிற்காலத்தில் வீட்டுக்கு வீடு குளியலறை வந்ததும் பல ஹமாம்கள் மூடப்பட்டன. குளியல் சுலபமானது, கூடிப் பேசும் இடம் போனது. 1584இல் கட்டிய செம்பெர்லிதாஷ் போன்றவை இன்றும் இருக்கின்றன. ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகள் கூட்டமே அதிகம். முடிந்தால் உள்ளூர்க்காரர்கள் போகும் பேட்டை ஹமாமுக்குப் போய்ப் பாருங்கள்.

இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் வெப்ப அறைக்குள் போக வேண்டாம். இனி, உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.