முதியோர் இதயமும் குடும்ப மருத்துவரின் பயிற்சியும்

(அறநிதியத்தின் முதியோர் நலக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் நலம் பரந்த தலைப்பு. அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதயச் செயலிழப்பு உள்ள முதியவர்களுக்குச் சரியான மருந்து சரியான அளவில் கிடைக்க வேண்டுமானால், நம் குடியிருப்புப் பேட்டைகளில் உள்ள குடும்ப மருத்துவர்களுக்கு அதற்கென்றே தொடர் பயிற்சி வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். அப்படியல்ல. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்கும் ஆற்றல் இதயத்துக்குக் குறைந்துவிட்டது என்பதே பொருள். நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தால் திணறும். கணுக்கால் வீங்கும். மாரடைப்பு, பல ஆண்டு இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் ஆகியவை முக்கியக் காரணங்கள். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று முதியவர் சொல்வார், வீட்டாரும் ஆமோதிப்பார்கள். நோய் அதற்குள் முற்றிவிடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 1987இல் வடஐரோப்பிய நாடுகளில், நோய் மிகக் கடுமையாக இருந்த 253 பேரிடம் எனலாப்ரில் மாத்திரை சோதிக்கப்பட்டது. அவர்களின் சராசரி வயது 70ஐ ஒட்டியது. வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 44 விழுக்காட்டினர் ஆறு மாதத்திற்குள் இறந்தார்கள். எனலாப்ரில் உட்கொண்டவர்களில் அது 26 விழுக்காடு. 1999இல் பிசோப்ரோலோல், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும், 2019இல் நீரிழிவு மருந்தான டாபாகிளிஃப்ளோசினும் பலன் தருவது உறுதியாயிற்று. இதயம் சுருங்கும் வலிமை குறைந்த நோயாளிகளுக்கு இந்த நான்கு வகை மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே 2021 முதல் அனைத்துலக வழிகாட்டிகளின் பரிந்துரை.

ஆனால் வழிகாட்டியில் இருப்பது நோயாளியின் கைக்கு வந்து சேர்கிறதா? 1999, 2000ஆம் ஆண்டுகளில் 15 ஐரோப்பிய நாடுகளின் குடும்ப மருத்துவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எனலாப்ரில் வகை மருந்து 60 விழுக்காட்டு நோயாளிகளுக்கும், பிசோப்ரோலோல் வகை 34 விழுக்காட்டினருக்கும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் ஐவரில் ஒருவர் மட்டுமே.

இதற்கு மருத்துவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. இம்மருந்துகளைத் தொடக்கத்திலேயே முழு அளவில் கொடுக்க இயலாது. பிசோப்ரோலோலை 1.25 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக 10 மில்லிகிராம் வரை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலை, பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எண்பது வயதுப் பாட்டிக்குத் தலைசுற்றி விழுந்துவிடுவாரோ என்ற தயக்கம் எந்த மருத்துவருக்கும் வரும். ஆகவே தொடக்க அளவிலேயே மருந்து ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறது.

அந்தத் தயக்கத்திலும் காரணம் உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் ஆய்வு 1999இல் வெளியானதும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அம்மருந்தின் பயன்பாடு வேகமாகப் பெருகியது. அதோடு, இதய நோயுள்ள முதியவர்கள் பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் கூடியது. 1994இல் ஆயிரம் பேருக்கு 2.4 ஆக இருந்தது, 2001இல் 11 ஆக உயர்ந்தது. மருந்து பரவிய வேகத்தில் இரத்தப் பரிசோதனையும் கவனிப்பும் பரவவில்லை. எனவே "கொடுங்கள்" என்று மட்டும் கற்பிக்கும் பயிற்சி போதாது. எப்படிக் கண்காணிப்பது, எப்போது குறைப்பது என்பதையும் அது கற்பிக்க வேண்டும்.

பயிற்சி எவ்வாறு இருக்க வேண்டும்? 1983இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 435 மருத்துவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. அது இதய மருந்துகளைப் பற்றியதன்று. தேவையின்றி எழுதப்பட்ட சில மருந்துகளைக் குறைப்பது பற்றியது. அஞ்சலில் வெறும் அச்சுத்தாள் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பயிற்சி பெற்ற மருந்தாளர் நேரில் சென்று பேசிய மருத்துவர்களோ அம்மருந்துகளை எழுதுவதை 14 விழுக்காடு குறைத்தார்கள். விடுதியில் ஒரு நாள் சொற்பொழிவும் மதிய உணவும் போதாது என்பது இதிலிருந்து விளங்கும். சிறு குழுவாக அமர்ந்து, தத்தம் நோயாளிகளின் மருந்துப் பட்டியலையே எடுத்து வைத்துப் பேச வேண்டும். ஐயம் எழும்போது இதய நிபுணரைத் தொலைபேசியில் கேட்க வழி வேண்டும். அடுத்தடுத்த பரிசோதனைகளைக் கவனிக்கத் தாதிகளையும் பழக்க வேண்டும்.

நெருங்கிக் கவனித்தால் என்ன பயன் என்பதை 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை முதல் ஆறு வாரங்களில் அடிக்கடி பரிசோதித்து, மருந்தின் அளவை விரைவாக உயர்த்தினார்கள். 180 நாட்களுக்குள் இறந்தவர்களும் இதே நோயால் மீண்டும் சேர்க்கப்பட்டவர்களும் 15.2 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 23.3 விழுக்காடு.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம், ஒருவர் ஒரே குடும்ப மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க வழி செய்துள்ளது. நான் சொன்ன பயிற்சி பலன் தர இது நல்ல தளம்.

வீட்டாரின் பங்கும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும், முட்டிவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையையும் மறைக்காதீர்கள். சில வலிநிவாரணிகள் உடலில் நீரைத் தேக்கி இந்நோயை மோசமாக்கும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்கள் பலவற்றில் பொட்டாசியம் மிகுதி. நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் உடனே தெரிவியுங்கள். விரத நாட்களில் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். "என் மருந்து இன்னும் ஏற்ற வேண்டிய அளவில் உள்ளதா, டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

அறநிதியம் மருத்துவ முகாம் நடத்தும்போது, இரத்த அழுத்தம் பார்ப்பதோடு முதியவர்களின் மருந்துப் பைகளைப் பார்க்கவும் ஒரு மேசை போடலாம். ஒரு மருந்தாளரும் இரண்டு தொண்டூழியர்களும் போதும். அங்கு எழுதித் தரும் பட்டியலைக் குடும்ப மருத்துவரிடம் கொண்டு சேர்த்தால், அவர் வேலை பாதி எளிதாகும். இக்கோரிக்கையைப் பொறுப்பாளர்கள் பரிசீலிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.