கிளிக்கு விதை மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நம் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் கறவை மாட்டுக் காப்பீடு பற்றிப் பேசினோம். இந்த மாதம் கிளி பற்றிப் பேசப் போறோம்னு சொன்னதும் பின் வரிசையில சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா நம்ம கூட்டமைப்புல லவ் பேர்ட்ஸ், காக்டெயில், கானூர் வளர்க்கிறோம்னு கடன் வாங்கின சகோதரிகள் இப்போ ஒன்றிரண்டு பேர் இல்லை. இது குழுப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

நடந்ததை முதல்ல சொல்லிடறோம். அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, அவங்க சம்மதத்தோடதான் சொல்றோம். குழுவில் 22,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஒரு ஜோடி சன் கானூர் வாங்கினாங்க. மஞ்சளும் ஆரஞ்சுமா, பார்க்கவே கண்ணைப் பறிக்கும். குஞ்சு பொரிச்சா நல்ல விலைக்குப் போகும் என்பது கணக்கு. எட்டு மாதம் கழிச்சு பெட்டைக் கிளி முட்டைப் பெட்டிக்குள்ள போச்சு. இரண்டாம் நாள் காலையில பெட்டியைத் திறந்தா, இறகைச் சிலுப்பிக்கிட்டு அடியில உட்கார்ந்திருக்கு. வால் மட்டும் மேலயும் கீழயும் ஆடுது. பஸ் பிடிச்சு டாக்டர்கிட்ட போறதுக்குள்ள மடியிலேயே செத்துப் போச்சு.

டாக்டர் அறுத்துப் பார்த்தார். உள்ளே முட்டை சிக்கியிருந்தது. ஓடு கெட்டியாகாம தோல் மாதிரி இருந்தது. ஈரல் சிவப்பா இருக்க வேண்டியது, மஞ்சளா கொழுப்பு ஏறிக் கிடந்தது. "என்னம்மா தீனி போட்டீங்க?"ன்னு கேட்டார்.

"சூரியகாந்தி விதை சார். கிண்ணம் நிறையப் போட்டேன். நல்லாத்தான் தின்னுச்சு."

"அதுதாம்மா கொன்னிருக்கு"ன்னார்.

அந்த அக்கா அன்னைக்கு அழுத அழுகை எங்களுக்கு இன்னும் காதுல கேட்குது. பணம் போனதை விட, "நான் பட்டினி போடலையே, நிறையத்தானே போட்டேன்" என்பதுதான் அவங்களுக்குத் தாங்கலை. இதுல எங்க தப்பும் இருக்கு, ஒத்துக்கறோம். அந்தக் கடன் மனுவை நாங்களும் படிச்சோம். கூண்டு அளவு கேட்டோம், குஞ்சை யார் வாங்குவாங்கன்னு கேட்டோம். "தீவனம்: விதை, மாதம் 400 ரூபாய்"னு ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துட்டு அடுத்த பக்கம் போயிட்டோம். அது என்ன தின்னும்னு யாருமே கேட்கலை. அதுக்கு அப்புறம்தான் கால்நடை மருத்துவர்களைப் பார்த்து, பழைய வளர்ப்பாளர்கள்கிட்ட உட்கார்ந்து விசாரிச்சோம்.

இந்தக் கிளியோட பூர்வீகம் தென் அமெரிக்கா. கயானா, வட பிரேசில் பக்கம். அங்கே அது நாள் பூரா பறந்து பழம், பூ, காய், விதை, சமயத்துல பூச்சி எல்லாம் தேடித் தின்னும். வெயில்ல களை எடுக்கிறவங்க எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது இல்லையா? அதே சாப்பாட்டை உட்கார்ந்த இடத்துல சாப்பிட்டா? மூன்றடிக் கூண்டுல இருக்கிற கிளிக்குச் சூரியகாந்தி அப்படித்தான். அது எண்ணெய் வித்து. நாம எண்ணெய் ஆட்டுறது அதுலதானே! கொழுப்பு நிறைய இருக்கு, சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைவு, வைட்டமின் ஏ இல்லைன்னே சொல்லலாம். கலந்த விதை வாங்கிப் போட்டாலும் கிளி கெட்டிக்காரி. சூரியகாந்தியையும் குசும்பாவையும் பொறுக்கித் தின்னுட்டு தினையையும் கம்பையும் ஒதுக்கிடும். காலியான தொட்டி மாதிரி தெரியாது, நாமும் நிறைய இருக்குன்னு நினைச்சுக்குவோம்.

முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. தீனியில அது இல்லைன்னா பெட்டை தன் எலும்புல இருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் தீர்ந்தா ஓடு மெலிசாகும். முட்டையைத் தள்ளுற சதைக்கும் அதே சத்துதான் வேணும், அதனால தள்ளவும் பலம் இருக்காது. அந்த அக்கா வீட்டுல நடந்தது இதுதான். வைட்டமின் ஏ குறைஞ்சா வேற தொல்லை: வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு, மூக்கடைப்பு, மூச்சு இரைப்பு, அடிக்கடி சளி.

சரி, என்னதான் போடறது? பாதிக்கு மேல பெல்லட் இருக்கட்டும். எல்லாச் சத்தும் அளவாச் சேர்த்து உருண்டையா வர்ற தீவனம். விலை கூடத்தான், மறுக்கலை. ஆனா சன் கானூர் 100 முதல் 120 கிராம் வரைதான் எடை இருக்கும். ஒரு ஜோடி எவ்வளவு தின்னுடப் போகுது? சின்னப் பாக்கெட்டா, தேதி பார்த்து வாங்குங்க. நான்கு பேர் சேர்ந்து பெரிய பை வாங்கிப் பிரிச்சுக்கலாம், நம்ம குழுவுக்கு அது தெரியாத வேலையா! ஒரு சகோதரி, "கோழித் தீவனம் வீட்டுலேயே இருக்கே"ன்னாங்க. வேண்டாம். அது கோழிக்குக் கணக்குப் போட்டுச் செஞ்சது, சிலதுல மருந்தும் கலந்திருக்கும்.

மீதியில பெரும்பங்கு காய்கறி. இங்கேதான் நமக்கு வசதி. ஒட்டன்சத்திரம் சந்தை பக்கத்துல இருக்கிறவங்க நாம! கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு (வேகவைச்சு), முருங்கைக்கீரை, கொத்தமல்லி. ஆரஞ்சு நிறக் காயும் கரும்பச்சைக் கீரையும் வைட்டமின் ஏ-க்கு நல்லது. முருங்கைக்கீரையில சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பாலக் மாதிரிக் கீரையை மட்டும் தினமும் போடாதீங்க, அது சுண்ணாம்புச் சத்தை உடம்புல சேர விடாது. மிளகாயும் தாராளமாக் கொடுக்கலாம். பறவைக்குக் காரம் தெரியாது. நம்ம பாட்டிங்க கிளிக்கு மிளகாய்ப் பழம் நீட்டினது சும்மா இல்லை. மருந்தடிச்ச காயா இருக்கும், நல்லா ஊறவைச்சு இரண்டு மூன்று தண்ணி அலசுங்க.

முளைகட்டின பச்சைப்பயறு ரொம்ப நல்லது, ஊசல் வாசனை வந்தா கொட்டிடணும். மொச்சை, ராஜ்மா மாதிரி பெரிய பயறைப் பச்சையாப் போடாதீங்க, நல்லா வேகணும். பழம் கொஞ்சம்: பப்பாளி, கொய்யா, கோவைப்பழம், மாதுளை. தித்திப்பு என்பதால அளவாத்தான். ஆப்பிள் போட்டா விதையை எடுத்துடுங்க. சூரியகாந்தி விதையை அடியோட நிறுத்தச் சொல்லலை. கைக்குப் பழக்கும்போது ஒன்றிரண்டு, பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. நிலக்கடலை பூஞ்சை பிடிச்சதுன்னா ஈரலைக் கெடுக்கும், சந்தேகம்னா போடவே வேண்டாம்.

கூண்டுல ஒரு கடல் நுரைத் துண்டு எப்பவும் தொங்கணும். நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும். முட்டையிடுற காலத்துல, வேகவைச்ச கோழி முட்டையை ஓட்டோட நசுக்கி வாரம் இரண்டு நாள் கொஞ்சம் கொடுக்கலாம். காலை இளவெயில் நேரடியாப் படணும், கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயிலால பிரயோசனம் இல்லை. வெயில் காட்டும்போது கூண்டுல ஒரு பக்கம் நிழல் இருக்கட்டும்.

இப்போ கவனிக்க வேண்டியது. தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் காபித் தோட்டத்து வேலைக்குப் போற சகோதரிகள் கை தூக்குங்க. வரும்போது பட்டர் ஃப்ரூட் கொண்டு வருவீங்க இல்லையா, அந்த வெண்ணெய்ப் பழம்? நமக்கு நல்ல பழம். கிளிக்கு விஷம். பழம், கொட்டை, இலை எதுவும் ஆகாது. இதயத்தையே பாதிக்கும், மணிக்கணக்குல உயிர் போகும். பிள்ளைங்க ஆசையா ஊட்டிடுவாங்க, வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வையுங்க. சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட அப்பளம், மிக்சர், ஊறுகாய் இதெல்லாமும் கூடாது. தின்னாமலே கொல்ற ஒன்றும் இருக்கு. நான்ஸ்டிக் தவாவை அடுப்புல வச்சு மறந்தா அளவுக்கு மீறிச் சூடாகி ஒரு புகை வரும். நமக்குச் சும்மா நெடி, பறவைக்கு அதுவே எமன். கூண்டு சமையலறையில வேண்டாம்.

இந்த இடத்துல ஒரு அம்மா எழுந்து, "கிளிக்குக் கேரட், பயறு, முட்டை. நமக்கு நேத்துச் சோறும் ஊறுகாயுமா?"ன்னாங்க. எல்லோரும் சிரிச்சோம். ஆனா கேள்வி நியாயமானது. கிளிக்கு நறுக்கும்போது இரண்டு கேரட் கூட நறுக்கிக்கோங்கம்மா, யாரும் கணக்குக் கேட்க மாட்டாங்க.

விதைக்குப் பழகின கிளி பெல்லட்டைத் தொடாது. பட்டினி போட்டா வழிக்கு வரும்னு நினைக்காதீங்க, சின்ன உடம்பு, செத்துடும். காலையில நல்ல பசி நேரத்துல காயும் பெல்லட்டும் வையுங்க, சாயங்காலம் விதை. வாரா வாரம் விதையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். சிலது மூன்று வாரத்துல மாறும், சிலது மாதக்கணக்குல படுத்தும். அதுங்க கூட்டமாத் தின்னுற சாதி, அதனால நீங்க எதிரே உட்கார்ந்து அதே கேரட்டைக் கடிச்சா தானும் கேட்கும். நறுக்கின காயை இரண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, நம்ம வெயிலுக்குப் புளிச்சுடும். தண்ணி தினமும் மாத்தணும், கிண்ணத்தைத் தேய்ச்சுக் கழுவணும்.

கிராம் காட்டுற சின்னத் தராசு ஒன்று வாங்கிடுங்க. வாரம் ஒரு நாள், காலைத் தீனிக்கு முன்னாடி எடை போட்டு நோட்டுல எழுதுங்க. சேமிப்பு நோட்டு எழுதுற நமக்கு இது பெரிய விஷயமா? பறவை நோயை மறைக்கும். காட்டுல மெலிஞ்சதைத்தான் கழுகு தூக்கும், அதனால கடைசி வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும். எடை மட்டும் பொய் சொல்லாது. 110 கிராம் கிளி 100 ஆனா நமக்குப் பத்து கிராம்தானே, அதுக்கு அது நாம ஐந்து கிலோ மெலிஞ்ச மாதிரி. உடனே மருத்துவர்கிட்ட போகணும். உள்ளூர்ல முடியலைன்னா உடுமலைப்பேட்டை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிக்கவோ, கூண்டுல வைக்கவோ, விற்கவோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூடாது. கானூர் வெளிநாட்டுப் பறவை, வளர்க்கலாம். ஆனா 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்துல பதிவு செய்யணும், வாங்கின 30 நாளுக்குள்ள. குஞ்சு பிறந்தாலும், செத்தாலும், கைமாத்தினாலும் தெரிவிக்கணும். வாங்கும்போதே விற்கிறவர்கிட்ட அவர் பதிவுச் சீட்டைக் கேளுங்க.

அந்த அக்காவுக்குக் குழு தவணையை ஆறு மாதம் தள்ளி வச்சது. தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். மிஞ்சின ஆண் கிளி மாறுறதுக்கு ஏழு வாரம் ஆச்சு, இப்போ பூசணின்னா உயிரை விடுது. புதுப் பெட்டை ஒன்று வந்திருக்கு. அதைச் சோடி சேர்க்க இன்னும் விடலை, முதல்ல உடம்பு தேறட்டும்னு அக்காவே சொல்லிட்டாங்க. எடை நோட்டைக் கையோட கொண்டு வந்திருக்காங்க. கடன் மனு வச்சிருக்கிற மூன்று பேரும் கூட்டம் முடிஞ்சதும் அதைப் பார்த்துட்டு, தீவனச் செலவை மாத்தி எழுதி எங்ககிட்ட கொடுங்க. இந்தத் தடவை அந்த வரியை நாங்க கேள்வி கேட்காம விட மாட்டோம்.